கலாசாலைப் பிரவேசமும் குறைந்துபோன சில மதிப்பெண்களும்

ஆண்டுதோறும் கோடையில் மேல்நிலைப் பள்ளித் தேர்வின் முடிவுகள் வெளிவந்த மறுநாள் முதல், நம் கலாசாலையின் சேர்க்கை மேசைக்கு முன்னே பெற்றோரும் பிள்ளைகளும் வரிசையாக நிற்பதைக் காண்கின்றோம். பல்லடம், அவிநாசி, அன்னூர் முதலிய ஊர்களினின்றும் முதற் பேருந்தில் புறப்பட்டு வருவோர் பலர். அவருள் ஒரு சாரார் பொறியியற் கலந்தாய்வின் முடிவு தெரியுமளவும் இங்கே ஓர் இடத்தை உறுதி செய்துகொள்ள எண்ணி வருபவராவர். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்த விசைத்தறித் தொழிலாளி ஒருவர், தம் மகளின் மதிப்பெண் சான்றிதழை நம் முன் விரித்து வைத்து, கணிதத்திற்கு நேரே இருந்த 96 என்னும் எண்ணின்மேல் விரலை ஊன்றி, "ஏனுங்க ஐயா, அம்மிணி எப்பவும் நூறு வாங்கறவ. இந்த நாலு மார்க்குக்கு இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?" என்று வினவினார். அப்பெண்ணோ குனிந்த தலை நிமிரவேயில்லை.

அன்று நாம் அவருக்குப் "பரவாயில்லை" என்னும் ஒரு சொல்லையே மறுமொழியாகக் கூறி, அடுத்தவரை அழைத்தோம். அது பொறுப்புள்ள விடையன்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம். மதிப்பெண் சிறிது குறைவது பெருங்கேடு என்போரும், அது ஒன்றுமேயில்லை என்போரும் ஆகிய இரு திறத்தாரும் கணக்குப் பாராமற் பேசுவோரே ஆவர். அக்குறைவு எவ்விடத்தில் எவ்வளவு பொருட்படும், எவ்விடத்திற் பொருட்படாது என்பதை ஆராய்ந்து, நம் மாணாக்கரின் தம்பி தங்கையர்க்கும், இன்று தாமே பெற்றோராகிவிட்ட பழைய மாணாக்கர்க்கும் பயன்படுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

கணக்கின் இயல்பு

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக் கலாசாலைகளிற் சேர்வதற்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு ஒன்று நடைபெற்று வந்தது. நகரத்துப் பயிற்சி நிலையங்களை எட்டமாட்டாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது தடையாக நிற்கின்றது என்னும் காரணத்தால், 2006-இல் இயற்றப்பெற்று 2007-இல் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற சட்டத்தினால் அது நீக்கப்பட்டது. கொங்கு நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகள் பலர்க்கு அதனால் வழி திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதுகாறும் இரண்டு தேர்வுகளின்மேற் பகிர்ந்து கிடந்த பாரம் அது முதல் ஒரே தேர்வின்மேல் ஏறியது. ஒரு மதிப்பெண்ணைப் பற்றிய அச்சம் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பொறியியற் சேர்க்கைக்குரிய கணக்கு யாதெனின், கணிதத்திற் பெற்ற மதிப்பெண் நூற்றுக்கு உள்ளபடியே கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் ஒவ்வொன்றும் பாதியாக்கப்பட்டு ஐம்பதுக்குக் கொள்ளப்படும். ஆக மொத்தம் 200. இதனையே 'கட்-ஆப்' என வழங்குகின்றனர். ஆகவே கணிதத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் ஒன்று குறையும்; வேதியியலில் ஒன்று குறைந்தால் அரையே குறையும். தமிழிலும் ஆங்கிலத்திலும் குறைந்தவை இந்த 200-க்குள் வருவனவேயல்ல. தமிழ்ப் பகுதியில் எழுதுகின்ற நமக்கு இதனைக் கூறுவது மகிழ்ச்சி தருவதன்று. எனினும் உண்மை அதுவே.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவன் கணிதத்தில் 98, இயற்பியலில் 96, வேதியியலில் 96 பெற்றான். அவனுக்கு 98-உம் 48-உம் 48-உம் சேர்ந்து 194 ஆயிற்று. மற்றொருவன் முறையே 96, 98, 98 பெற்றான். அவனுக்கும் 96-உம் 49-உம் 49-உம் சேர்ந்து 194 ஆயிற்று. மூன்று பாடங்களின் கூட்டுத்தொகையைப் பார்த்தால் முன்னவனுக்கு 290, பின்னவனுக்கு 292. எனினும் தரவரிசையில் முன்னவனே முந்துவான். சமநிலை நேர்ந்தவிடத்து முதலிற் கணித மதிப்பெண்ணையும், பின்னர் இயற்பியல் மதிப்பெண்ணையும் நோக்குதல் விதியாதலின் என்க. எல்லாம் ஒத்திருப்பின், வயதில் மூத்தவர்க்கு முன்னிடம் அளிப்பர். அதுவும் ஒத்தவிடத்து, விண்ணப்பித்தார் ஒவ்வொருவர்க்கும் குலுக்கல் போலக் கொடுக்கப்பட்டுள்ள ரேண்டம் எண் முடிவு செய்யும். 2025-ஆம் ஆண்டில் 200-க்கு 200 பெற்றவர்களே நூற்றுக்கு மேற்பட்டிருந்தனர். ஒரு குறையுமின்றி எழுதியவர்களையும் வரிசையில் நிறுத்துவதற்குப் பிற பாடங்களையும், பிறந்த தேதியையும், குலுக்கல் எண்ணையும் நாடவேண்டியதாயிற்று எனின், முழுமையான மதிப்பெண்ணும் வரிசையினின்று ஒருவனைக் காப்பதில்லை என்பது பெறப்படும்.

இன்னும் ஒரு கணக்கு உண்டு. 200 மதிப்பெண்ணை அரையரையாகப் பகுத்தால் 400 படிகள் ஆகும். 2025-இல் தரவரிசையில் இடம்பெற்றோர் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர். எனவே படி ஒன்றுக்குச் சராசரியாக ஐந்நூறு பேருக்குக் குறையாமல் நிற்கின்றனர். அடிப்படிகளில் நிற்பார் இலராதலின், நடுப்படிகளில் இத்தொகை பின்னும் மிகும். வேதியியலில் ஒரே ஒரு மதிப்பெண்ணை இழந்தவன் சில நூறு பேர்க்குப் பின்னே சென்றுவிடுகின்றான் என்பது இதனால் விளங்கும். இது மெய்யான இழப்பே. இதனை ஒன்றுமில்லை என்பது பொய்யான ஆறுதலாகும்.

வாயிலுக்கு வாயில் அளவு வேறு

நிற்க. சில நூறு பேர்க்குப் பின்னே செல்வதனால் ஒருவன் இழப்பது யாது? அது அவன் நிற்கும் வாயிலைப் பொறுத்தது. கோவையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, 1951-இல் தொடங்கிய பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி, 1956-இல் தொடங்கிய கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி ஆகிய மூன்றிலும் கணினிப் பொறியியல் என்னும் ஒரு வாயிலுக்கு முன்னே மாநிலம் முழுவதும் வந்து நெருக்குகின்றது. அங்கே அரை மதிப்பெண்ணும் ஒருவனை வெளியே நிறுத்திவிடும். ஆனால் அதே வளாகத்தில், அதே நூல்நிலையத்தையும் ஆய்வுக்கூடங்களையும் உடைய வேறு பிரிவுகளுக்குச் சில மதிப்பெண் குறைந்தவரும் எளிதிற் செல்லுகின்றனர். பஞ்சாலைகளாலேயே பெயர் பெற்ற இவ்வூரில் ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவின் வாயில் கணினிப் பிரிவின் வாயிலைக் காட்டிலும் அகலமாக இருப்பதை நம் பிள்ளைகள் கவனிப்பதில்லை.

மாநிலத்தில் நானூற்றுக்கு மேற்பட்ட பொறியியற் கலாசாலைகள் உள்ளன. கலந்தாய்வு முடிந்த பின்னரும் ஆண்டுதோறும் இடங்கள் ஆயிரக்கணக்கில் எஞ்சுகின்றன. ஆகவே மேற்படிகளின் சில வாயில்களில் அரை மதிப்பெண் மலைபோல் நிற்க, நடுப்படிகளில் அது பெரும்பாலும் ஒருவனை அதே கலாசாலையின் அதே வகுப்பறைக்குள் முன்பின்னாக உட்கார வைப்பதற்கு மேல் யாதும் செய்வதில்லை. அன்றியும், இம்மாநிலத்தில் 69 விழுக்காட்டு இடங்கள் வகுப்புவாரியாக ஒதுக்கப்படுதலின், ஒருவன் தன் நிலையை அறிய வேண்டுமாயின் பொதுவரிசையோடு தன் பிரிவின் வரிசையையும் நோக்கவேண்டும். பொதுவரிசையை மட்டும் கண்டு மனங்கலங்கியோர் பலர்.

பிற வாயில்களின் அளவோ முற்றிலும் வேறு. அரசினர் கலை அறிவியற் கலாசாலைகளில் மொழிப் பாடங்களை நீக்கி ஏனைய நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை நோக்குவர்; தமிழிலக்கியம் பயில விரும்புவார்க்கோ தமிழ் மதிப்பெண்ணே அளவாகும். பொறியியலார் ஒதுக்கிய அந்த எண்ணே இங்கே திறவுகோலாகின்றது. மருத்துவத்திற்கு 2017 முதல் இங்கு நீட் தேர்வே வரிசையை வகுக்கின்றது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தகுதியளவை எட்டியிருந்தால் அமையும். எனவே மருத்துவத்தையே நாடும் மாணாக்கி உயிரியலில் இரண்டு மதிப்பெண் குறைந்ததற்கு அழுவாளாயின், தான் நுழையாத வாயிலில் தலை இடித்ததாக எண்ணி அழுபவளாவாள்.

அளவுகோலின் நுட்பம்

இனி, அந்த ஒரு மதிப்பெண் எவ்வளவு நுட்பமாக அளக்கப்பட்டது என்பதையும் நோக்குவோம். இங்கிலாந்தில் எட்ஜ்வொர்த் என்னும் புள்ளியியல் அறிஞர் 1888-இலும் 1890-இலும் எழுதிய கட்டுரைகளில், போட்டித் தேர்வுகளின் முடிவில் தற்செயலுக்கு எத்துணைப் பங்கு உண்டு என்பதைக் கணித முறையால் ஆராய்ந்தார். பின்னர் 1935-இல் ஹார்ட்டாக், ரோட்ஸ் என்னும் இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். முன்னரே ஒரே மதிப்பெண் பெற்றிருந்த பதினைந்து சரித்திர விடைத்தாள்களைத் தேர்ந்த பரிசோதகர்கள் பதினைவரிடம் கொடுத்தபோது, அவர்கள் இட்ட மதிப்பெண்கள் வெகுவாக மாறுபட்டன. ஓராண்டுக்கு மேற் கழித்து அத்தாள்களையே அவர்களுட் பதினால்வரிடம் மீண்டும் கொடுத்தனர். 210 தீர்ப்புகளுள் 92-இல் அவரவர் தாமே முன் கூறிய தேர்ச்சி, தோல்வி, சிறப்பு என்னும் முடிவை மாற்றிக் கூறினர்.

கணிதத்தில் இத்துணை வேறுபாடு நேராது. விடைக்குறிப்பு வகுத்து, படிக்குப் படி மதிப்பெண் இடுகின்ற முறை நம் மாநிலத்தில் உள்ளது. ஆயினும் வினாத்தாளில் ஒருவன் பயின்ற கணக்கு வருதலும் வாராமையும், அன்று காய்ச்சல் உண்டாதலும், கூட்டலில் கைதவறுதலும் எந்த விடைக்குறிப்பாலும் நீங்குவனவல்ல. ஈரோட்டு மஞ்சட் சந்தையில் மூட்டை நிறுக்கும் தராசு உண்டு. கோவைப் பெரிய கடை வீதியிற் பொன் நிறுக்கும் தராசும் உண்டு. மூட்டைத் தராசு பொய்யானதன்று. அது மூட்டைக்கு உரியது. அறுபது எடுத்தவனையும் தொண்ணூறு எடுத்தவனையும் வேறு பிரித்தற்குத் தேர்வு தகுந்த கருவியே. தொண்ணூற்றாறையும் தொண்ணூற்றெட்டையும் அதுகொண்டு வேறு பிரிக்கப் புகுவது மூட்டைத் தராசில் மோதிரத்தை நிறுப்பதாகும். இடங்கள் குறைவாகவும் வேண்டுவோர் மிகுதியாகவும் இருத்தலின், யாரையேனும் முன்னும் பின்னுமாக நிறுத்தியாக வேண்டும். அதன் பொருட்டே நிறுக்கின்றனர். வரிசையை அமைக்க அது உதவும். அறிவைத் தீர்ப்பிட அது உதவாது. இக்கட்டுரையில் நாம் வற்புறுத்துவது இவ்வொன்றே.

முழுமை என்னும் மயக்கம்

இவ்வேற்றுமையை மறந்ததனால் விளைந்த கேடுகளை நம் கொங்கு நாடே நன்கு அறியும். நாமக்கல் வட்டாரத்தில் எழுந்த விடுதிப் பள்ளிகள் பல, விடியுமுன் எழுப்பி இரவு நெடுநேரம் படிக்கச் செய்து மதிப்பெண்களைக் குவித்தன. தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பெற்றோர் அங்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டனர். முட்டைக்கும் கோழிக்கும் பெயர்போன அவ்வூரில், அவற்றிற்குப் 'பிராய்லர் பள்ளிகள்' என்னும் பெயரை மக்களே இட்டனர். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு கற்பிக்கும் வழக்கமும் பரவிற்று. அதனைத் தடுத்தற்பொருட்டு 2017-18-ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு ஏற்பட்டது. 2025-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. மாநில முதல்வர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தையும் 2017-ஆம் ஆண்டில் அரசு நிறுத்திற்று. அப்போது பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தவர் நம் கோபிசெட்டிபாளையம் தொகுதியின் அந்நாளைய உறுப்பினராகிய கே.ஏ. செங்கோட்டையன்.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. டில்லிப் பல்கலைக்கழகத்துக் கலாசாலைகள் சில 2021-ஆம் ஆண்டின் முதற் பட்டியலில் நூற்றுக்கு நூறு பெற்றார்க்கே இடம் என்று அறிவித்தன. 99 பெற்றவனும் அங்கே குறைபட்டவனானான். அடுத்த ஆண்டே அப்பல்கலைக்கழகம் பொது நுழைவுத் தேர்வுக்கு மாறிற்று. எல்லோரும் உச்சிக்கு அருகே வந்துவிட்டபின் அந்த அளவுகோலால் யாரையும் பிரித்தறிய முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வகுப்பறையில் நாம் கண்டதையும் கூறவேண்டும். நூற்றுக்கு நூறு பெற்று வந்தவன் முதற் பருவத்தில், மனப்பாடம் செய்யாத ஒரு கணக்கைக் கண்டு திகைத்து நிற்றலும், தொண்ணூற்றிரண்டு பெற்று வந்தவள் அதனை நான்கு வழியாகப் போட்டுப் பார்த்தலும் நமக்குப் புதியனவல்ல. இதற்கு மாறாக நிகழ்தலும் உண்டு. சில மதிப்பெண்களின் வேறுபாடு கொண்டு யார் எவ்வாறு பயில்வார் என்பதை முன்னறிந்து கூற எம்மால் இயன்றதில்லை.

இவையெல்லாவற்றினும் கொடியது ஒன்று உண்டு. தேர்வு முடிவு வெளிவரும் நாட்களில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. தோற்றவர் மட்டுமல்லர், எதிர்பார்த்ததினும் குறைந்தது என்று மனமுடைந்தவரும் அவருள் உளர். வீட்டில் ஒரு பிள்ளை உண்ணாமலும் பேசாமலும் இருக்குமாயின், அந்நாட்களில் அதனைத் தனியே விடலாகாது. 104 என்னும் அரசினர் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கும். இதனைக் கூச்சமின்றிப் பயன்படுத்துக.

பெரியோர் வரலாறு

இவ்விடத்தில், ஈரோட்டிற் பிறந்த ஸ்ரீனிவாச ராமானுஜனை எடுத்துக்காட்டி ஆறுதல் கூறுவது பலர்க்கும் வழக்கம். 1887-இல் தாய்வழிப் பாட்டியார் இல்லத்திற் பிறந்த அவர், கணிதத்திலன்றிப் பிற பாடங்களில் மனம் செலுத்தாமையாற் கும்பகோணம் கலாசாலையில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் பயின்றும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. பின்னர் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. 1918-இல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவ்வாறே, பள்ளிப் படிப்பைத் தொடக்கத்திலேயே விடுத்த ஜி.டி. நாயுடு அவர்களின் முயற்சியால் 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் எழுந்த தொழிற்கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அவிநாசிச் சாலையில் 'ஹோப் காலேஜ்' என்னும் பேருந்து நிறுத்தம் அப்பெயரை இன்னும் தாங்கி நிற்கின்றது.

ஆயின், இவ்வரலாறுகளினின்று மதிப்பெண் வேண்டுவதில்லை என்று முடிவு கூறுதல் தவறு. ராமானுஜன் மதிப்பெண் இன்மையால் உயர்ந்தாரல்லர். அதனால் அவர் பல ஆண்டுகள் வேலைக்கும் உணவுக்கும் அலைந்தார். மதிப்பெண்ணுக்கு அப்பால் அவருடைய குறிப்பேட்டைத் திறந்து பார்த்தவர் சிலர் இருந்தமையாலேயே உயர்ந்தார். இதனினின்று பாடம் கற்க வேண்டியவர் மாணாக்கரினும் மேசைக்கு இப்புறம் அமர்ந்திருக்கும் நாமே. பிள்ளையின் பெயரைக் கேட்குமுன் மதிப்பெண்ணைக் கேட்பது நம் வழக்கமாயிற்று. விருந்துக்கு வந்த மாமனும், பக்கத்து வீட்டு அத்தையும் கேட்பதும் அதுவே.

செய்யத்தக்கன

முதலாவது, எந்த வாயிலுக்கு எந்தப் பாடம் எவ்வளவு கணக்கிடப்படும் என்பதைப் பதினோராம் வகுப்பின் தொடக்கத்திலேயே அறிந்துகொள்க. முயற்சியை எங்கே மிகுதியாக இடுவது என்பது அதனால் விளங்கும்.

இரண்டாவது, மதிப்பெண்ணில் ஐயம் உளதாயின், விடைத்தாளின் நகலைப் பெற்றுத் தம் பாட ஆசிரியரிடம் காட்டி, அதன் பின்னரே மறுகூட்டலோ மறுமதிப்பீடோ வேண்டுக. இதற்குரிய நாட்கள் சிலவே. அழுது கழித்தால் அவை போய்விடும்.

மூன்றாவது, கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை நீளமாகவும் மெய்யான விருப்பத்தின் முறைப்படியும் எழுதுக. கிடைக்காது என்று அஞ்சி மேலான விருப்பத்தைக் கீழே எழுதுவதால் இலாபமில்லை. அது கிடையாதாயின் அடுத்த விருப்பத்துக்கு வாய்ப்பு தானே செல்லும். பத்துப் பெயரோடு நிறுத்தி இடமிழந்தவர், அரை மதிப்பெண்ணால் இடமிழந்தவரினும் இரங்கத்தக்கவர்.

நான்காவது, சேர்ந்தபின் அந்த எண்ணை மறந்துவிடுக. 

முன்னர்க் கூறிய பெண்ணின் செய்தி யாதாயிற்று எனின், அவள் தந்தையார் இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்தார். இம்முறை நாம் அவரை அமரச் செய்து, மேற்கூறிய கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினோம். விடைத்தாள் நகல் பெற்றுப் பார்த்தார்கள். மதிப்பெண் மாறவில்லை, நான்கு மதிப்பெண் போனது மகளின் பிழையாலேயே என்பது தெளிவாயிற்று. அவள் முதலாவதாக விரும்பிய பிரிவு கிடைக்கவில்லை. மூன்றாவதாக எழுதியது கிடைத்தது. அது நல்லதாயிற்றா அல்லதாயிற்றா என்று கூற நமக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும் கூறுவோம். நகலைப் பார்த்துவிட்டு அவர் மகளை நோக்கி, "போனது போகட்டும் அம்மிணி, எந்திரிச்சு சாப்புடு" என்றாராம். அவ்வளவில் அவ்வீட்டில் அத்தேர்வு முடிந்தது.

குறைந்த மதிப்பெண்ணைக் குறைந்தது என்று ஒப்புக்கொண்டு, அதன் விலை இவ்வளவே என்று கணக்கிட்டு, கணக்கு முடிந்தவுடன் ஏட்டை மூடுவதே அறிவுடைமை. இவ்வாண்டுக் கோடையிலும் நம் மேசைக்கு முன் வரிசை நிற்கும். அவ்வரிசையில் வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நாம் முதலிற் பெயரைக் கேட்போமாக.